உதட்டில் பட்ட உப்பு

சேசு மரி சூசை துணை

கோவளம்
20.7.98

என் மகள் ஞானத்துக்கு நைனா ஏசுபாதம் சொல்லி எழுதுவது. மாதா புண்ணியத்தில் இங்கே உயிரும் உடம்புமாக இருக்கிறோம். நீயும் அந்தத் திருச்சி வெயிலில் வாடாமல் இருக்க வேண்டும்.

நீ போய்ச் சேர்ந்து போட்ட கடிதம் வந்தது. ராமானுஜம் கடையில் உட்கார்ந்து படிக்கக் கேட்டேன். 'தாங்கள் நலமா, நீங்கள் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா' என்று அவர் வாசிக்க, யாரோ கலெக்டருக்குப் போட்டது கை தவறி என்னிடம் வந்துவிட்டதோ என்று பார்த்தேன். "யோவ், என் பொண்ணு என்ன எப்ப நீங்கன்னுது? நல்லா கண்ணாடிய தொட்சிட்டுப் படி" என்றேன். எழுத்து அப்படித்தான் இருக்கிறது என்றார். அடுத்த கடிதத்தில் ஒழுங்காக நீ என்று எழுது.

அவர் தபால் ஆபீசிலிருந்து ஓய்வு பெற்றபின் பஸ் ஸ்டாண்டு எதிரில் சோடாவும் கவரும் விற்கிறார் அல்லவா, இனிமேல் அவர்தான் எனக்குக் கை. நான் பேசுகிறபடியே எழுதச் சொன்னால் மாட்டேன் என்கிறார். "நீ பேசறத அப்படியே எழுதினா தபால் பெட்டியே சிரிக்கும். ஆளுங்க பேசினத மட்டும் பேசினபடி விடறேன், மத்தது என் தமிழ்" என்று ஒப்பந்தம்.

கார்மேல் மாதா திருநாள் நன்றாக நடந்தது. படகுகளுக்கெல்லாம் கொடி கட்டி, சாமியார் தீர்த்தம் தெளித்தார். பூசையில் சாமியார் அப்பம் கொடுக்கும்போது அம்மா நன்மை வாங்க எழுந்து போகவில்லை. கால் வலி என்றாள். சாயந்திரம் தேர் பின்னாலேயே கடைசி வரை நடந்து வந்தாள்.

காலேஜில் மனசைப் படிக்கிறாய் என்று ஊரில் கேட்கிறவர்களுக்கெல்லாம் சொல்கிறேன். மீனென்றால் வயிற்றைக் கிழித்துப் பார்க்கலாம். மனசை எங்கே கிழிப்பீர்கள்? எனக்குப் புரிகிற மாதிரி எழுது.

இப்படிக்கு உன் நைனா
ஏசுபாதம் (கைநாட்டு)


திருச்சி
9.8.98

என் நைனாவுக்கு ஞானம் எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். விடுதிச் சாப்பாட்டில் மீன் என்று ஒன்று போடுகிறார்கள். அது கடலைப் பார்த்ததில்லை.

இந்த முறை நீதான். ராமானுஜம் சார், தயவு செய்து மாற்றாமல் வாசியுங்கள்.

நாங்கள் யாரையும் கிழிப்பதில்லை நைனா. கேட்கிறோம். ஒருத்தர் ஒரு காரியத்தைத் திரும்பத் திரும்ப ஏன் செய்கிறார், எதைச் சொல்லாமல் விடுகிறார் என்று கவனிக்கிறோம். அவ்வளவுதான் இதுவரைக்கும்.

போன வாரம் துர்காதேவி மேடம் வகுப்பில் ஒரு வெளிநாட்டு டாக்டர் சொன்னதைச் சொன்னார். சின்ன வயதில் பயந்து பார்த்த அப்பாவைத்தான் பெரிதாக்கி, வானத்தில் வைத்து, கடவுள் என்று கும்பிடுகிறோமாம். முன் பெஞ்சில் இருந்த சிஸ்டர்கள் எழுதுவதை நிறுத்திவிட்டார்கள். "ஒத்துக்கச் சொல்லலம்மா. உங்ககிட்ட பதில் இருக்கான்னு கேக்கறேன்" என்றார் மேடம். அன்று சாயந்திரம் சிற்றாலயத்தில் 'பரலோகத்தில் இருக்கிற எங்கள் பிதாவே' என்று ஆரம்பித்ததும் உன் முகம் வந்து நின்றது. தலையில் துண்டு, காதில் பாதி பீடி. சிரித்துவிட்டேன். வார்டன் சிஸ்டர் முறைத்தார்.

சிரித்து முடித்த பிறகு கொஞ்சம் பயமாக இருந்தது. உனக்கு நான் ஒரு நாளும் பயந்ததில்லை. அப்படியானால் இத்தனை நாள் கும்பிட்டது யாரை?

அது இருக்கட்டும். கால் வலிக்கிறவள் தேர் பின்னால் கடைசி வரை எப்படி நடந்தாள்? உன் கடிதத்தின் கடைசியில் அம்மா சொன்னதாக ஒரு வரி இருக்கும் என்று தேடினேன், எண்ணெய் வை, ராத்திரியில் தலைக்குக் குளிக்காதே என்று. ஏன் இல்லை?

அம்மாவுக்கு என் முத்தம்.
ஞானம்


கோவளம்
14.9.98

அன்பு மகள் ஞானத்துக்கு, சேசுவுக்கு தோத்திரம். என் இருமல் தேவலை.

சரோஜா இப்போதுதான் மீன் கூடையோடு திருப்போரூர் பஸ் ஏறினாள். போன கடிதம் சொல்லும்போது அவள் இந்தக் கடையிலேயே சோடாவைக் கையில் வைத்துக்கொண்டு காதைத் தீட்டி நின்றாள். அதனால்தான் கால் வலியோடு நிறுத்தினேன். போனில் சொல்லலாமென்றால் பூத்தும் அவள் வீட்டுக்கு அடுத்த கதவு.

உன் அம்மா தவக்காலத்திலிருந்தே நன்மை வாங்குவதில்லை. நீ லீவில் இருந்தபோது உன் கண்ணில் படாமல் முதல் பூசைக்குப் போய்வந்தாள். நன்மைக்கு முன் எதுவும் உள்ளே போகக் கூடாது அல்லவா, முதலில் வாய் கொப்பளிப்பதில் ஆரம்பித்தது. துப்பிவிட்டு என்னைக் கேட்பாள்.

"யோவ், தண்ணி உள்ள போயிடுச்சா?"

"போவலடி."

"உனுக்கு எப்டித் தெரியும்? என் தொண்டயில நீயா குந்திகினு கீற?"

கொப்பளிப்பதை விட்டாள். அப்புறம் காற்று. நம் வீட்டுக் கதவைத் திறந்தால் உதட்டில் உப்பு. அந்த உப்பு நாக்கில் பட்டு உள்ளே போனால் உபவாசம் முறிந்தது, முறிந்த வாயால் நன்மை வாங்கினால் நரகத்துக்கே கொண்டுபோகிற சாவான பாவம் என்கிறாள். வாயில் துணி கட்டிக்கொண்டுதான் கோவிலுக்கு வருகிறாள். இப்போதெல்லாம் ஒரு மணி நேரம் சாப்பிடாமல் இருந்தால் போதும், தண்ணீரைக் கணக்கிலேயே சேர்க்க வேண்டாம் என்று சாமியார் எடுத்துச் சொன்னார். "சட்டத்த மாத்திட்டாங்க, சாமிய மாத்துனாங்களா?" என்று என்னிடம் வந்து கேட்கிறாள்.

சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்பு வாங்குகிற பாவசங்கீர்த்தனம் முன்பெல்லாம் சனிக்கிழமைதான் செய்வாள். இப்போது நாள் தவறாமல். செய்துவிட்டு வீட்டுக் கிணறு வரைக்கும் வருவாள். "ஒண்ணு சொல்ல மறந்துட்டேன்" என்று திரும்பிப் போவாள்.

நம் ஊரில் ஒரு பெண்பிள்ளை நன்மைக்கு எழவில்லை என்றால் கோவிலே பார்க்கும். மீன் ஏலத்தில் சரோஜா எல்லார் காதிலும் விழச் சொல்கிறாள்: "ஊரே எயுந்து போவுது, மேரியக்கா குந்திகினு கீது. இன்னாமோ பெருசா பண்ணிகீது போல." கருவாடு உலர்த்துகிறதைத் தவிர உன் அம்மா என்ன பண்ணினாள்?

முன்பெல்லாம் நன்மை வாங்கிவிட்டு வரும்போது அவள் முகத்தைப் பார்க்கவே நான் கோவிலுக்குப் போவேன். அது இல்லாமல் அவள் வற்றிக்கொண்டே போகிறாள். நீ படித்ததில் இதற்கு ஏதாவது இருக்கிறதா?

உன் நைனா

(ராமானுஜம் எழுதுவது: எங்கள் ஏகாதசியில்கூட காற்றுக்குத் தடை கிடையாது அம்மாடி. மேரியம்மாவைப் பார்க்கக் கஷ்டமாக இருக்கிறது.)


திருச்சி
3.10.98

என் நைனாவுக்கு, ராமானுஜம் சாருக்கும் வணக்கம். உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் கடிதத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு அலைகிறேன்.

நைனா, இதற்குப் பெயர் இருக்கிறது! நூலகத்தில் உட்கார்ந்து படித்தேன். இது ஒரு நோய். பாவம் செய்தவர்களுக்கு வருவதில்லை, பாவத்துக்கு அஞ்சுகிறவர்களுக்குத்தான் வருகிறது. ஆச்சரியம் என்னவென்றால், டாக்டர்களுக்கு முன்பே நம் சபையின் பழைய சாமியார்களுக்கு இது தெரிந்திருக்கிறது. செருப்புக்குள் மாட்டிய சின்னக் கல் என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். நடக்கவும் விடாது, கழற்றிப் பார்த்தால் தெரியவும் தெரியாது. பாடப் புத்தகம், வேதப் புத்தகம் என்ற என் இரண்டு புத்தகங்களும் ஒரே பேச்சைப் பேசின முதல் நாள் இது. அன்று சிற்றாலயத்தில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

செய்ய வேண்டியது இதுதான். அம்மா 'உள்ளே போச்சா' என்று கேட்டு, நீ 'போகலை' என்று சொல்லும்போதெல்லாம் நோய்க்குத் தீனி போடுகிறாய். அந்த நேரத்துக்கு ஆறும், மறுபடி பசிக்கும். அதனால் கேட்டால் பதில் சொல்லாதே. எவ்வளவு கெஞ்சினாலும் சொல்லாதே. சாமியாருக்கும் தனியாக எழுதிவிட்டேன், ஒரே பாவசங்கீர்த்தனத்தைத் திரும்பக் கேட்க வேண்டாம் என்று. உனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும். எனக்காகச் செய்.

இது எப்போது ஆரம்பித்தது என்று யோசித்துச் சொல். சின்ன வயதில் ஏதாவது நடந்ததா? உனக்குத்தான் எதுவும் மறக்காதே.

ஞானம்


கோவளம்
12.11.98

ஞானத்துக்கு நைனா ஆசீர்வாதம். கடல் கொந்தளிப்பு, ஒருத்தரும் தொழிலுக்குப் போகவில்லை.

நீ சொன்னபடி செய்தேன். அவள் கேட்டாள், நான் வாயைத் திறக்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சாமியாரும் நல்ல மனசோடு, "போம்மா மேரி, ஏற்கெனவே மன்னிச்சாச்சு" என்று பாவசங்கீர்த்தனப் பெட்டியின் சின்னக் கதவைச் சாத்தினாராம்.

அவள் வீட்டுக்கு வந்து என்னை ஒரு பார்வை பார்த்தாள். "அப்ப நெசம்தான். உனுக்கும் தெரிஞ்சி கீது, சாமியாருக்கும் தெரிஞ்சி கீது. அதான் ரெண்டு பேரும் பேசல" என்றாள்.

நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும். கரை சேர்ந்தவனைப் பார்த்து 'பாடு எப்டி' என்று கேட்டால், மீன் பட்டிருந்தால் சொல்வான். படவில்லை என்று வாயால் யாரும் சொல்ல மாட்டார்கள், சொன்னால் அடுத்த நாளும் ஒட்டிக்கொள்ளும். சும்மா நிற்பான். ஆள் திரும்பாவிட்டாலும் அப்படித்தான். அவள் தம்பி கடலில் போன அன்று நான்தான் அவள் வாசலில் போய் நின்றேன். ஒரு சொல் சொல்லவில்லை. அவள் தலைக்கூடையை இறக்கி வைத்துவிட்டு அழ ஆரம்பித்தாள்.

அந்த வீட்டில் நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

இப்போது ராத்திரிச் சாப்பாட்டையும் விட்டுவிட்டாள், காலையில் வயிற்றில் எதுவும் மிச்சம் இருக்கக் கூடாதென்று. நான் மறுபடி பதில் சொல்லிப் பார்த்தேன். இப்போது நம்பமாட்டேன் என்கிறாள். உன் மேல் குறை இல்லை. நீ படித்ததைச் சொன்னாய்.

உன் நைனா

(உன் மேல் குறை இல்லை என்பதைத் திரும்பத் திரும்ப எழுதச் சொன்னார். நான் ஒரு தடவைதான் எழுதியிருக்கிறேன். - ரா.)


கோவளம்
28.12.98

அன்பு மகளுக்கு பாலசேசுவின் ஆசீர். கிறிஸ்மசுக்கு வருவாய் என்று கடைசி பஸ் வரைக்கும் ராமானுஜம் கடையில் உட்கார்ந்திருந்தேன். கடிதமும் இல்லை. பரீட்சையாக இருக்கும்.

எப்போது ஆரம்பித்தது என்று நீ கேட்டதற்கு யோசித்துப் பார்த்தேன். யோசிக்கவே வேண்டாம், கண்ணில் நிற்கிறது. வெள்ளைக்காரன் போன வருசம். உன் அம்மா என் மாமன் மகள், அவளுக்குப் புது நன்மை, முதல் தடவையாக நன்மை, கொடுக்கிற நாள். அப்போதெல்லாம் நடு ராத்திரியிலிருந்து பச்சைத் தண்ணீர் படக் கூடாது. அவள் ஊரில் கோவிலுக்குப் போக முகத்துவாரத்தைத் தாண்ட வேண்டும், பிள்ளைகளைப் பெரியவர்கள் கையைப் பிடித்துக் கடத்துவார்கள். ஒரு அலை வந்து அவள் முகத்தில் அடித்தது. கோவில் வாசலில் பிள்ளைகளுக்கு வேதம் சொல்லிக்கொடுக்கிற உபதேசியார், "தண்ணி குடிச்சியா?" என்று கேட்டார். இல்லை என்று சொல்லியிருக்கலாம். "தெரியல" என்றாள். வரிசையிலிருந்து வெளியே நிறுத்திவிட்டார். வெள்ளைக் கவுன் ஈரமாக, தலையில் பூமுடியோடு, கையில் மெழுகுவர்த்தி. கவுனில் இடது கைப்பக்கம் கரும்பச்சை நூலால் தையல் போட்டிருந்தது, வெள்ளை நூல் இல்லை போலிருக்கிறது. அவள் அழவில்லை. மெழுகுவர்த்தி அணையாமல் கையால் மறைத்துக்கொண்டு நின்றாள்.

அதற்குப் பிறகு அடுத்த வருசம் வாங்கினாள். இத்தனை காலம் நன்றாகத்தான் வாங்கினாள். அதனால் இதுதான் காரணமா என்று நான் என்ன கண்டேன்.

போன வாரம் நானும் அவளும் செங்கல்பட்டு வரைக்கும் போய்வந்தோம். அங்கே தண்ணீர் நன்றாக இருக்கிறது. சரோஜாவும் துணைக்கு வந்தாள். நீ ஒன்றும் கவலைப்படாதே.

உன் நைனா


திருச்சி
10.1.99

நைனா,

உடம்பு எப்படி என்று வழக்கமாகக் கேட்பது போல இன்று கேட்க முடியவில்லை. செங்கல்பட்டில் நீ தண்ணீரின் ருசி பார்க்கப் போகவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாய். சரோஜா அக்காவே துணைக்கு வந்தாளென்றால் அம்மா எங்கோ விழுந்திருக்கிறாள். உண்மையை எழுது.

எனக்குப் பரீட்சை இல்லை. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பையோடு போய்த் திரும்பி வந்தேன். அம்மா முகத்தை எப்படிப் பார்ப்பேன் என்று இருந்தது. நான் படித்தது பொய்யில்லை. ஆனால் உன் வாயை நான் மூடினேன், அந்த வீட்டில் மூடிய வாய்க்கு என்ன அர்த்தம் என்று பிறந்ததிலிருந்து தெரிந்தவள் நான். புத்தகத்தைத் திறந்ததும் மறந்துவிட்டேன்.

துர்காதேவி மேடத்திடம் போய்ச் சொன்னேன். நல்ல திட்டு. "முதல் வருஷம் படிக்கறவ, இன்லண்டு லெட்டர்ல வைத்தியம் பாக்கறியா? அதுவும் பெத்த அம்மாவுக்கு, அவங்களுக்கே சொல்லாம?" என்றார். அப்புறம் டீ வாங்கிக் கொடுத்தார். செங்கல்பட்டிலேயே மன நல டாக்டர் இருப்பார், மாத்திரை இருக்கிறது, கேட்கும் என்றார். இன்னொன்றும் சொன்னார். பதில் சொல்லாமல் இருப்பது என்பது அம்மாவும் ஒப்புக்கொண்டு, ஏன் என்று தெரிந்து, சேர்ந்து செய்ய வேண்டியது. ஊமையாக நிற்பதில்லை. ஏதோ ஒன்று சொல்லலாம். ஆனால் அது 'போச்சு' என்றும் இருக்கக் கூடாது, 'போகலை' என்றும் இருக்கக் கூடாது. அது என்ன வார்த்தை என்று மேடத்துக்கும் தெரியவில்லை.

இந்தக் கடிதத்தை அம்மாவையும் கூட வைத்துக்கொண்டு படிக்கச் சொல். அவளைப் பற்றி அவள் இல்லாத இடத்தில் இனிமேல் நான் எழுத மாட்டேன்.

அம்மா, என்னை மன்னி.
ஞானம்


கோவளம்
8.3.99

என் மகள் ஞானத்துக்கு நைனாவும் அம்மாவும் ஆசீர். ராமானுஜம் நம் வீட்டுக்கே வந்து எழுதுகிறார். அம்மா எதிரில் நெத்திலி ஆய்ந்துகொண்டிருக்கிறாள். அதனால் பொய் சொல்ல முடியாது.

பஸ்ஸில் மயங்கி விழுந்தது உண்மை. தாங்கிப் பிடித்தவள் சரோஜா. ஆஸ்பத்திரி பெஞ்சில் விடிய விடிய அவள் மடியில்தான் அம்மா தலை. இப்போது ஏலத்தில் எவளாவது வாயைத் திறந்தால் சரோஜாவே சண்டைக்குப் போகிறாள்.

செங்கல்பட்டு மன நல டாக்டரம்மா மாத்திரை கொடுத்தார். முதல் நாள் காலையில் அவர் எதிரிலேயே அதைக் கையில் வைத்துக்கொண்டு உன் அம்மா கேட்டாள்: "இத்த முயுங்குனா உபவாசம் போயிடுமா?" நானும் டாக்டரம்மாவும் சேர்ந்து அழாத குறை. ராத்திரிக்கு மாற்றிக் கொடுத்தார்.

உன் கடிதத்தை முழுசாகக் கேட்டாள். கல் மாட்டின செருப்பு என்று முன்பு நீ எழுதினதையும் படிக்கச் சொன்னேன். "எனுக்கு மட்டுமா வந்துகீது? அந்தக் காலத்துலயே கீதா?" என்றாள். கீது என்றேன். ஒரு பெருமூச்சு விட்டாள் பார், அடுப்பே அணைந்திருக்கும்.

பிறகு அந்த வார்த்தை. பல நாள் தேடினேன். ஒருநாள் விடிகாலையில் வெளியே பனி. கடலில் கட்டுமரங்கள் ஒன்றுக்கொன்று ஓஓய் கொடுத்துக்கொண்டிருந்தன. பனிமூட்டத்தில் பக்கத்து மரம் தெரியாதபோது ஒருத்தன் ஓஓய் என்று குரல் கொடுப்பான், கேட்டவன் ஓஓய் என்று திருப்பிக் கொடுப்பான். மீன் பட்டதா, கரை எந்தப் பக்கம், அதெல்லாம் அதில் இல்லை. இங்கேதான் இருக்கிறேன், அவ்வளவுதான். அந்த நேரம் பார்த்து உள்ளே இருந்து இவள், "யோவ், உப்பு உள்ள போயிடுச்சா?" என்றாள்.

"ஓஓய்" என்றேன்.

"இன்னா?"

"ஓஓய்."

"இன்னாய்யா வூட்டுக்குள்ள மரம் வுட்டுகினு கீற? கேட்டதுக்கு பதில் சொல்லு."

"ஓஓய்."

விளக்குமாற்றை எடுத்தாள். அடிக்கவில்லை, சிரித்துவிட்டாள். எவ்வளவு நாள் கழித்து அந்தப் பல்லைப் பார்த்தேன். இப்போது அவளும் நானும் பேசி வைத்துக்கொண்டோம். கேட்டால் அதுதான் பதில். சில நாள் கோபித்துக்கொள்கிறாள், சில நாள் அழுகிறாள், நானும் விடாமல் கொடுக்கிறேன். ராத்திரி சாப்பிடுகிறாள். நன்மைக்கு இன்னும் எழவில்லை.

அம்மா சொல்லச் சொன்னது: தலைக்கு எண்ணெய் வைக்கிறாயா? மன்னிப்பெல்லாம் கேட்டு எழுதாதே, ராமானுஜம் எதிரில் வெட்கமாக இருக்கிறது.

ஏசுபாதம், மேரி


திருச்சி
16.5.99

நைனா, அம்மா இருவருக்கும் முத்தம். எண்ணெய் வைக்கிறேன்.

லீவில் வர முடியாது. இங்கே ஒரு மன நல ஆஸ்பத்திரியில் பயிற்சி போட்டிருக்கிறார்கள். திருநாளுக்கும் வர முடியாது போலிருக்கிறது. இங்கே ஒரு பெரியவர் கதவைப் பூட்டினோமா என்று நாளெல்லாம் கேட்பார். நர்சுகளெல்லாம் பூட்டியாச்சு தாத்தா என்பார்கள். நான் உன் ஓஓயைச் சொல்லிப் பார்த்தேன். 'யாரு இந்தப் பைத்தியம்' என்று என்னைக் காட்டிக் கேட்டார். எல்லாருக்கும் எல்லாம் பொருந்தாது போலிருக்கிறது.

வகுப்பில் ஒரு கட்டுரை வாசித்தேன். ஜெபத்துக்குப் பதில் வராததைப் பற்றி. பதில் வரவில்லை, ஆகவே ஆள் இல்லை என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். பதில் வரவில்லை, ஆகவே நம்பிக்கையைச் சோதிக்கிறார் என்று சிலர். நான் இரண்டையும் நினைக்கவில்லை. நவம்பரிலிருந்து அம்மாவுக்காக வேண்டினேன், ஒன்றும் கேட்கவில்லை, உடனே நான் எடுத்துக்கொண்டது கோவளத்துக் கணக்கு. கடவுள் வாசலில் வந்து சும்மா நிற்கிறார், அப்படியானால் கெட்ட செய்தி. அந்த வெளிநாட்டு டாக்டர் சொன்னது பாதி சரி நைனா. வீட்டில் கற்றதைத்தான் வானத்தில் வைக்கிறோம். ஆனால் வீட்டில் ஒரே ஒரு பாடமா இருக்கிறது? பனியில் கொடுக்கிற குரலும் வீட்டில்தானே கற்றது?

இதற்கு மேல் எழுத வரவில்லை. "மார்க் போடறேன், முடிவு எங்கம்மா?" என்றார் மேடம். முடிவு இல்லை என்றேன். "அப்ப அதையே கடைசி வரியா எழுது" என்றார்.

சிற்றாலயத்துக்குத் தினமும் போகிறேன். இப்போதெல்லாம் கடைசி வரிசையில் உட்காருகிறேன். அங்கேதான் நல்ல காற்று வருகிறது.

ஞானம்


கோவளம்
18.7.99

எங்கள் ஞானத்துக்கு, கார்மேல் மாதாவின் ஆசீர் உன் தலை மேல் இருக்கட்டும். நாங்கள் இருவரும் சுகம். ராமானுஜம் சிரித்துக்கொண்டே எழுதுகிறார். எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்.

திருநாள் பூசை. வெளியே நல்ல காற்று, கதவு ஜன்னலெல்லாம் உப்பு. அம்மா வாயில் துணி கட்டிக்கொண்டுதான் வந்தாள், பெண்கள் பக்கத்தில் சரோஜா அருகில் உட்கார்ந்தாள். நான் ஆண்கள் பக்கத்தில் தூண் ஓரம். நன்மை நேரம் வந்தது. ஊர் எழுந்தது. பார்த்தால் அவளும் எழுந்து நிற்கிறாள். சரோஜா தள்ளிவிட்டாளா, தானாக எழுந்தாளா, இன்றைக்கு வரைக்கும் இரண்டு பேரும் சொல்லவில்லை.

வரிசை நகர்ந்தது. அவள் துணியை அவிழ்த்தாள். சாமியாருக்கு முன்னால் போய்விட்டாள். அங்கே நின்றுவிட்டாள். சாமியார் அப்பத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், இவள் வாயைத் திறக்கவில்லை. பின்னால் வரிசை நிற்கிறது. பாட்டும் முடிந்துவிட்டது. எனக்கு அந்த ஈரக் கவுனும் மெழுகுவர்த்தியும்தான் கண்ணில் தெரிந்தன.

அவள் திரும்பி, அத்தனை பேர் எதிரில் ஆண்கள் பக்கம் பார்த்து, கிணற்றடியில் கேட்கிற மாதிரி கேட்டாள்:

"யோவ்! உள்ள போயிடுச்சா?"

கேட்டால் கொடுக்க வேண்டும், அதுதான் பேச்சு.

"ஓஓய்" என்றேன்.

அப்புறம் நடந்ததற்கு நான் பொறுப்பில்லை. ஆண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தது எல்லாம் கடலுக்குப் போகிறவன்கள். பிறந்ததிலிருந்து, ஓஓய் கேட்டால் யோசிக்காமல் திருப்பிக் கொடுக்கிற வாய்கள். ஒருத்தன் கொடுத்தான். அவன் கொடுத்ததும் அடுத்தவன். அப்படியே அந்தப் பக்கம் முழுதும் ஓஓய் என்று எழும்பிற்று பார், பீடத்து மெழுகுவர்த்தியெல்லாம் ஆடிற்று. கொடுத்த பிறகுதான் கோவில் என்று ஞாபகம் வந்து வாயைப் பொத்தினார்கள். பெண்கள் பக்கம் ஒரே சிரிப்பு. சாமியார் அப்பத்தைப் பிடித்தபடி உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார்.

சிரிப்பு அடங்குகிறதற்குள் உன் அம்மா திரும்பி, வாயைத் திறந்து, நன்மை வாங்கிக்கொண்டாள்.

அந்த முகத்தோடு என் தூணைத் தாண்டி நடந்து போனாள். என்னைப் பார்க்கவில்லை. அது வழக்கம்தான்.

எல்லாம் தீர்ந்துவிட்டது என்று நினைக்காதே. நேற்றுக் காலையும் கேட்டாள், இன்றும் கேட்டாள். டாக்டரம்மா இன்னும் பல மாதம் மாத்திரை சாப்பிடச் சொல்லியிருக்கிறார். நானும் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

இனி அம்மா சொல்வது, அவள் சொன்னபடியே:

"ஞானம், நீ எய்துனத இவுங்க படிச்சாங்க. கடேசி வரிசையில குந்துறேன், காத்து வருதுன்னு. எந்தக் காத்து? நான் எத்தினி நாளு கால் வலின்னேன், எனுக்குத் தெரியாதா? நன்மை வாங்குறியா, இல்லியா? அம்மாவுக்கு மட்டும் சொல்லு."

ஏசுபாதம், மேரி


திருச்சி
1.8.99

என் அம்மா, என் நைனா,

கேட்டது.

போன ஞாயிறு சிற்றாலயத்தில் நடு வரிசை வரைக்கும் வந்திருக்கிறேன்.

ஓஓய்.

ஞானம்